அரசாங்க இலாகாவில் திட்டமிடல், செயல்திறன் ஆலோசகர் வேலை: பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

இந்த வேலைக்குப் பெயர் இடத்துக்கு இடம் மாறும். கூட்டரசு இலாகா என்றால் வியூகத் திட்டமிடல் பிரிவு, மாநில அரசு என்றால் கொம்தாரில் உள்ள பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு, மாநகர் மன்றம் என்றால் மேயர் அலுவலகத்தை ஒட்டிய ஒரு சின்ன யூனிட். சில இடங்களில் ஒப்பந்தத்தில் எடுத்த ஒரே ஓர் ஆள்தான் மொத்தப் பிரிவும். பெயர் எதுவானாலும் வேலை இதுதான்: இந்த வருடம் எதைச் செய்து காட்டப் போகிறோம் என்பதை, டிசம்பரில் யாரும் மறுக்க முடியாத வடிவத்தில், ஜனவரிக்கு முன்பே இலாகாவை எழுத வைப்பது. எழுதியதன் பொருள் இடையில் நழுவாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. அறிக்கை, வண்ண வரைபடம், பவர்பாயிண்ட் எல்லாம் அதற்கு அப்புறம் வருகிறவை. ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அவைதான் தின்னும், அதற்கும் தயாராக இருங்கள்.

உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரிவின் இயக்குநரிடம் போய் "இதை மாற்றுங்கள்" என்று உத்தரவிட முடியாது. நீங்கள் கொடுக்கும் எண் சரியான எண் என்று எல்லோரும் நம்புவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் பலம்.

உள்ளே போகும் வழி

நிரந்தர வேலை என்றால் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 தளத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். திட்டமிடல் பிரிவுகளில் பெரும்பாலும் பிடிடி எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரிகள்தான் உட்காருவார்கள். அதற்கு எழுத்துத் தேர்வு, மதிப்பீட்டு மையம், நேர்முகம் என்று வரிசையாகப் படிகள் உண்டு. எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் பட்டம் எவ்வளவு பெரியதானாலும் கதவு திறக்காது. மாநிலச் சேவைக்கு மாநிலத்தின் சொந்த ஆணையம் தனியாக ஆள் எடுக்கிறது, அந்த விளம்பரங்களையும் கவனித்துக்கொண்டே இருங்கள். பழைய விளம்பரங்களில் பட்டதாரி நுழைவு நிலை 41 என்று இருக்கும். 2024 டிசம்பர் 1 முதல் புதிய சம்பள முறை வந்தபின் அதே நிலைக்கு எண் 9. இது தெரியாமல் "9-ஆ, இவ்வளவு கீழேயா" என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு.

பொருளாதாரம், புள்ளியியல், கணக்கியல் படித்தவர்களுக்கு வசதிதான். ஆனால் நான் பார்த்த நல்ல ஆலோசகர்கள் எல்லாம் மலாய் அலுவலக நடையில் தெளிவாக இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவர்கள். பேச்சு மலாய் சரளமாக இருக்கும், கெர்தாஸ் கெர்ஜா என்ற முன்மொழிவு அறிக்கையை எழுத உட்கார்ந்தால் கை நிற்கும் என்பது நம் பிள்ளைகளில் பலருக்கு இருக்கும் சிக்கல். இலாகாவின் பழைய கோப்புகளில் அங்கீகாரம் கிடைத்த கெர்தாஸ் கெர்ஜாக்கள் சிலவற்றை எடுத்து, பத்தி பத்தியாகப் பார்த்து எழுதிப் பழகுங்கள். அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. எக்செலில் பிவட் டேபிள் வரை தெரிந்தால் தொடங்கிவிடலாம், மற்றதை வேலையே கற்றுக்கொடுக்கும்.

முதல் மாதம்: எதை எதற்காக அளக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வந்தவர்கள் முதல் வாரத்திலேயே புது கேபிஐ, அதாவது செயல்திறன் அளவு, எழுத உட்காருவார்கள். வேண்டாம். ஏற்கெனவே இருப்பதையே யாரும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டு அரசாங்க அலுவலகங்களில் அளவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். துன் அப்துல் ரசாக் 1960-இல் கிராமப்புற மேம்பாட்டுக்குச் சிவப்புப் புத்தகம் கொண்டுவந்தார். மாவட்டம் தோறும் வரைபடம், அதன்மேல் சாலை, குடிநீர், பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள், அதைப் பார்த்து முன்னேற்றத்தைக் கேட்க பிலிக் கெராக்கான் என்ற ஒரு செயற்பாட்டு அறை. அந்தப் பெயர் இன்றும் பல அலுவலகக் கதவுகளில் இருக்கிறது. 1990-இல் திருத்திய பட்ஜெட் முறை, 1993-இல் வாடிக்கையாளர் சாசனம், 2005-இல் எல்லா அமைப்புகளும் கேபிஐ வகுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை, 2009-இல் பிரதமர் துறையின் செயல்திறன் பிரிவான பெமாண்டுவும் அதன் தேசிய அடைவுப் பகுதிகளும், பிறகு விளைவு சார்ந்த பட்ஜெட். பினாங்கில் இருந்தால் இதற்கு மேல் 2018-இல் மாநில அரசு அறிவித்த பினாங்கு2030 தொலைநோக்கின் நான்கு கருப்பொருள்களும் சேரும். ஒவ்வோர் அலையும் வரும்போது புதிய படிவத்தைக் கொண்டுவந்தது, போகும்போது எதையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. அதனால்தான் ஒரே முகப்பிடத்தின் காத்திருப்பு நேரத்தை ஒரு குமாஸ்தா மூன்று படிவங்களில், மூன்று விதமாக, மூன்று பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

எனவே முதல் மாத வேலை ஒரு பட்டியல் போடுவது. இலாகா அளக்கும் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்கள்: யார் சேகரிக்கிறார், எங்கே போகிறது, அதைப் பார்த்து கடைசியாக யார் என்ன முடிவு எடுத்தார். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் மேலதிகாரியிடம் போய், இந்தந்த அளவுகளை நிறுத்தலாமா என்று கேளுங்கள். புதிதாக வந்தவர் ஒரு படிவத்தை ஒழித்துக் கொடுத்தார் என்ற பேச்சு மாடி மாடியாகப் பரவும். அப்புறம் நீங்கள் தரவு கேட்டால் உடனே கிடைக்கும்.

பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை: கூட்டரசு செலவின மதிப்பீட்டுப் புத்தகத்தில் உங்கள் இலாகாவின் பக்கங்கள், வியூகத் திட்டம், நாட்டின் ஐந்தாண்டுத் திட்டமான 13-வது மலேசியத் திட்டத்தில் உங்கள் துறையைத் தொடும் பகுதி, தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் உங்கள் இலாகாவைப் பற்றி வந்தவை. கடைசியாகச் சொன்னதை முதலில் படியுங்கள். இலாகா தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளாத விஷயங்கள் அதில்தான் இருக்கும்.

அளவை எழுதுவது

வேலையின் உயிர் இங்கேதான். ஒரு கேபிஐ-யைத் தருகிறேன், எல்லோரும் பார்த்த வகைதான்: "விண்ணப்பங்களில் 90 விழுக்காட்டுக்கு 14 வேலை நாளில் முடிவு." படித்தால் தெளிவாக இருக்கிறது. இதை வைத்து இரண்டு கிளைகளுக்கு இடையே வருடம் முழுக்கச் சண்டை நடத்தலாம்.

நாள் எப்போது தொடங்குகிறது? முகப்பிடத்தில் படிவம் கொடுத்த நாளா, எல்லா ஆவணமும் வந்து சேர்ந்த நாளா, குமாஸ்தா கணினியில் ஏற்றிய நாளா? முழுமை இல்லை என்று திருப்பி அனுப்பிய விண்ணப்பம் கணக்கில் உண்டா? அது திரும்ப வரும்போது பழைய தேதியா புதிய தேதியா? முடிவு என்றால் அதிகாரி கையெழுத்தா, விண்ணப்பதாரர் கைக்குக் கடிதம் போய்ச் சேர்வதா? 90 விழுக்காடு எதில், இந்த மாதம் வந்தவற்றிலா, இந்த மாதம் முடித்தவற்றிலா? முடித்தவற்றில் என்று வைத்தால், ஆறு மாதமாகக் கிடக்கும் கோப்பைத் தொடாமல் விடுவதே மதிப்பெண்ணுக்கு நல்லது. தொட்டால் அது தாமதக் கணக்கில் ஏறிவிடும், தொடாத வரை எங்கேயும் தெரியாது.

வேலை நாள் என்ற சொல்லே பினாங்குக்காரர்களுக்குத் தனித் தலைவலி. வட வட்டாரத்தைப் பார்க்கும் இலாகா என்றால் பினாங்கிலும் பெர்லிசிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு, நடுவில் இருக்கும் கெடாவில் வெள்ளி, சனி. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நாள், பினாங்குக்கு மட்டும் விடுமுறை. தைப்பூசத்துக்கு எல்லா மாநிலத்திலும் விடுமுறை கிடையாது. புத்ராஜெயாவில் யாரோ எழுதிய எக்செல் சூத்திரம் எல்லா மாநிலத்துக்கும் ஒரே நாள்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்றும் தவறு செய்யாத கிளை தாமதமாகத் தெரியும். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான், வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பக்க விளக்கத்தாள் எழுதுங்கள். அளவின் பெயர், ஏன் அளக்கிறோம் என்று ஒரே வாக்கியம், மேலே எது கீழே எது என்று பிரித்த சூத்திரம், எதைச் சேர்க்கிறோம் எதை விடுகிறோம், தரவு எந்த அமைப்பில் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது, யார் பொறுப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, சென்ற ஆண்டு எண் என்ன. அடியில் ஒரு நிஜமான விண்ணப்பத்தின் தேதிகளைப் போட்டுக் கணக்குச் செய்து காட்டுங்கள். பிரிவின் பொறுப்பாளர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், மின்னஞ்சலில் "ஓகே" போதாது. ஆகஸ்டில் எண் மோசமாகும்போது "நாங்கள் அப்படி எண்ணவில்லையே" என்று கேள்வி வரும், அன்றைக்கு அந்தக் கையெழுத்துதான் பேச்சை முடிக்கும்.

சராசரியை மட்டும் காட்டாதீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு நாள், ஒருவருக்கு நூறு நாள் என்றால் சராசரி 12 நாளுக்குக் கொஞ்சம் கீழே, அதாவது இலக்கு எட்டியாச்சு. அந்த நூறு நாள் ஆள்தான் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போவார்.

வேலை நடந்ததா, பலன் வந்ததா

பயிற்சி நடத்தினோம், 500 பேர் வந்தார்கள், சாப்பாடும் நன்றாக இருந்தது. இது வெளியீடு. வந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் கடை நடத்துகிறார்கள் என்பது விளைவு. விளைவு சார்ந்த பட்ஜெட் கேட்பது இரண்டாவதை. இலாகாக்கள் கொடுக்க விரும்புவது முதலாவதை, ஏனென்றால் அது அவர்கள் கையில் இருக்கிறது. நம் சமூக இயக்கங்கள் அரசாங்க மானியம் வாங்கி நடத்தும் வகுப்புகளுக்கும் இதே கேள்விதான் வரும். இயக்கத்தில் இருப்பவர்களும் இந்தப் பகுதியைப் படித்து வைப்பது நல்லது.

ஆனால் விளைவை எழுதும்போது ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. "இந்தியக் குடும்பங்களின் வருமானம் உயர வேண்டும்" என்று அழகாக எழுதிவிட்டு, ஒவ்வொரு மார்ச்சிலும் எண் கேட்டால் எங்கிருந்து வரும்? புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வு ஐந்தாண்டில் இருமுறை நடப்பது. அதுவும் நாடு, மாநிலம், மாவட்டம் என்று பெரிய வட்டத்துக்குத்தான் எண், உங்கள் திட்டத்தில் சேர்ந்த 500 பேரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால் விளைவு அளவு எழுதும் அதே நாளில், அந்த எண் யாரிடமிருந்து எந்த மாதம் வரும் என்றும் எழுதுங்கள். வர வழி இல்லையென்றால் பங்கேற்பாளர்களை ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆளையும், அதற்கான சிறு தொகையையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

தரவைப் பிரித்துக் கேட்கவும் பழகுங்கள். பினாங்கில் 2012-லேயே பெண்கள், ஆண்கள், முதியவர், குழந்தைகள் என்று தனித்தனியாகத் தேவை கேட்டுச் செலவைத் திட்டமிடும் முயற்சியை இரண்டு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். மொத்தக் கணக்கில் எல்லாம் நன்றாகத் தெரியும், பிரித்தால்தான் எந்த அடுக்குமாடியில் எந்த வயதுக்காரர்களுக்குச் சேவை போய்ச் சேரவில்லை என்று தெரியும். சின்னச் சமூகங்கள் தேசியச் சராசரிக்குள் காணாமல் போவது நமக்குப் புதிய செய்தி இல்லையே.

இலக்கு எண்

இது சுருக்கமாக. குறைந்தது மூன்று வருட எண்களைப் பாருங்கள். 2020-ஐயும் 2021-ஐயும் அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டில் முகப்பிடமே மூடிக் கிடந்த ஆண்டை வைத்து "வளர்ச்சி" காட்டுவது யாரையும் ஏமாற்றாது, ஆனாலும் நிறைய பேர் செய்தார்கள். சென்ற ஆண்டு 94 விழுக்காடு எட்டிய பிரிவு இந்த ஆண்டு இலக்கு 90 என்று எழுதித் தந்தால், காரணம் கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம், ஆள் குறைந்திருக்கலாம். கேட்காமல் விடுவதுதான் தப்பு.

பணத்தோடு கட்டுங்கள்

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர். கருவூலத்தின் சுற்றறிக்கை ஆண்டின் முற்பகுதியிலேயே வந்துவிடும், கூட்டரசு பட்ஜெட் அக்டோபரில் மக்களவைக்குப் போகிறது. அதாவது அடுத்த ஆண்டுக்கான அளவுகளை இந்த ஆண்டு எண்கள் பாதிகூட வராத நேரத்தில் எழுத வேண்டியிருக்கும். செப்டம்பரில் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று இருந்தால் பேருந்து போய்விடும். மேம்பாட்டுத் திட்டங்களுக்கு இன்னொரு சக்கரம்: 13-வது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31-இல் தாக்கலானது, 2026 முதல் 2030 வரை ஓடும், அதற்குள் அவ்வப்போது புதுப்பிக்கும் பட்டியலான ரோலிங் பிளானில் திட்டங்கள் நுழையும், நகரும், விழும். பட்டியலில் நுழைய வேண்டும் என்றால் நிலம், செலவு மதிப்பீடு, வரைவு எல்லாம் தயாராக இருக்க வேண்டும், வெறும் நல்ல நோக்கத்துக்கு இடமில்லை.

கட்டுமானத் திட்டம் என்றால், திட்டங்களைக் கண்காணிக்கும் அரசாங்கக் கணினி அமைப்பான மைபுரோஜெக்கில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பண முன்னேற்றம், வேலை முன்னேற்றம். பணம் 40, வேலை 15 என்றால் முன்பணம் போயிருக்கலாம், அது சாதாரணம், அல்லது குத்தகையாளர் தடுமாறுகிறார். பணம் 15, வேலை 40 என்றால் பில் எங்கோ மேசையில் தூங்குகிறது, சின்னக் குத்தகையாளர் கூலி கொடுக்கத் திணறிக்கொண்டிருப்பார். எண்ணைப் பார்த்துவிட்டுத் தளத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். தீவின் மறுபக்கத்து பாலிக் பூலாவ் வரை ஆனாலும் பரவாயில்லை. நவம்பரில் வேகமாகச் செலவழிக்கும் பிரிவு மார்ச்சில் என்ன செய்துகொண்டிருந்தது என்று காலாண்டு வரைபடம் தானாகக் காட்டிவிடும், நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

கூட்டம்

மாதாந்தரக் கூட்டமோ காலாண்டுக் கூட்டமோ, ஒரு விதியை மட்டும் உடைக்காதீர்கள்: யாருடைய எண் சிவப்பாக, அதாவது இலக்கை எட்டாததாக, போகிறதோ அவருக்குக் கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் அறைக்கு நேரில் போய், "புவான், இந்த எண் இப்படி வருகிறது, நாளை மறுநாள் டத்தோ கேட்பார், என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று பேசிவிடுங்கள். பாதி நேரம் தரவில்தான் பிழை இருக்கும், அங்கேயே சரியாகிவிடும். மீதி நேரம் அவருக்குப் பதில் தயார் செய்ய அவகாசம் கிடைக்கும். சபையில் ஒருவரைத் திடீரென்று மாட்டிவிட்டால் அடுத்த மாதம் முதல் அந்தப் பிரிவின் எண்கள் எல்லாம் பச்சைதான், இலக்கை எட்டியதாகத்தான் வரும், உண்மை தெரியவே தெரியாது.

கூட்டத்தில் பச்சையைப் பற்றிப் பேச வேண்டாம், தாளில் இருக்கட்டும். சிவப்பில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன முடிவு வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள்: ஆள் மாற்றமா, பணமா, இன்னொரு இலாகாவுக்குக் கடிதமா. கூட்டக் குறிப்பில் அந்த முடிவும், பெயரும், தேதியும் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

எண்ணோடு விளையாடுவது

விளையாடுவார்கள். ஓர் அளவை இலக்காக்கியதும் அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும் என்பது சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்த கருத்து, இன்று எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும். நம் நாட்டிலேயே குற்றக் குறைப்பு தேசிய இலக்காக இருந்த ஆண்டுகளில், போலீசின் குற்றக் குறியீட்டில் சேரும் குற்றம், சேராத குற்றம் என்ற பிரிவை வைத்துப் பொதுவெளியில் பெரிய விவாதமே நடந்தது. எந்த அளவுக்கும் ஒரு துணை அளவைச் சேர்த்து வையுங்கள். வேகத்தை அளந்தால் கூடவே நிராகரிப்பு விகிதத்தையும், மேல்முறையீட்டையும் பாருங்கள். வேகம் கூடி, நிராகரிப்பும் கூடினால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

தனிநபர் மதிப்பீட்டை இதிலிருந்து தள்ளியே வையுங்கள். ஊழியருக்கு ஆண்டு வேலை இலக்கு எஸ்கேடி உண்டு, ஆண்டு மதிப்பீடு எல்என்பிடி உண்டு, முதல் மதிப்பீட்டாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர் எல்லாம் உண்டு, சிறந்த சேவை விருது சிறு பங்கினருக்குத்தான் கிடைக்கும். அது மனிதவளப் பிரிவின் வேலை. இலாகாவின் சிவப்பு எண்ணை நேராக ஒரு குமாஸ்தாவின் மதிப்பெண்ணில் கட்டினால், அடுத்த மாதமே தரவு உள்ளிடுகிற இடத்தில் திருத்தம் தொடங்கிவிடும்.

மேலிடத்திலிருந்தும் அழுத்தம் வரும். "இதைக் கொஞ்சம் அழகாகக் காட்ட முடியாதா?" என்று யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள். எண் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் விளக்கம் எழுதலாம் என்று சொல்லுங்கள். வெள்ளம், ஆள் பற்றாக்குறை, கணினி மாற்றம், எதுவானாலும் விளக்கமாக வரட்டும். சூத்திரத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அடுத்த ஜனவரியிலிருந்து மாற்றி, பழைய எண்ணையும் ஒரு வருடம் கூடவே காட்டுங்கள்.

கோப்பும் கைமாற்றமும்

1957-ஆம் ஆண்டு கணக்காய்வுச் சட்டத்தின்கீழ் கணக்காய்வாளர்கள் கணக்குப் புத்தகத்தோடு நிற்காமல், திட்டம் திறமையாக நடந்ததா என்றும் பார்க்கிறார்கள். பிறகு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கூப்பிடலாம். எனவே அறிக்கையில் போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் அன்றைய தேதியிட்ட மூலத் தரவை எடுத்து, திருத்த முடியாத நகலாகச் சேமியுங்கள். கணினி அமைப்பில் எண்கள் பின்னால் மாறிக்கொண்டே இருக்கும். அன்று நீங்கள் பார்த்தது என்ன என்று காட்ட வேறு சான்று இருக்காது.

நிர்வாக அதிகாரிகளுக்கு இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும், உங்களுக்கும் வரும். கிளம்பும் முன் வாரிசுக்குக் கொடுக்க வேண்டியது மூன்று: கையெழுத்திட்ட விளக்கத்தாள்கள், தரவு யாரிடம் எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்ற பட்டியல், இன்னும் தீராத வாதங்களின் பட்டியல். மூன்றாவதை யாரும் கொடுப்பதில்லை. எந்தப் பிரிவு எந்தச் சூத்திரத்தை ஏற்கவில்லை, அவர்கள் சொல்லும் காரணம் என்ன, கடைசியாக யார் என்ன முடிவு சொன்னார் என்று எழுதி, அடுத்தவரோடு உட்கார்ந்து ஒரு காலாண்டு அறிக்கையைச் சேர்ந்து தயாரித்துவிட்டுப் போங்கள்.